நெறிகட்டியில் பரவிய இரைப்பைப் புற்றுநோய்: கீமோ, ஆபரேஷன், கரண்ட்: எது முதலில், எது பிறகு? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சென்னையில் ஒரு மருத்துவமனையின் கீமோ டே கேர் வார்டில் பல வருடம் நர்சாக இருந்தவள் நான். நோயாளியும் வீட்டாரும் டாக்டர் அறையில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வருவார்கள். என் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, "சிஸ்டர், உள்ள சொன்னது ஒண்ணும் புரியலை" என்பார்கள். சென்னையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்று வெகுகாலமாக முன்வரிசையில் இருக்கிறது. அதனால் ஒரே கேள்விகளை நூறு வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அவற்றைத்தான் கேட்டபடியே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டு நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை அவரைப் பரிசோதித்த டாக்டர்தான் சொல்ல முடியும். அவரிடம் என்னென்ன கேட்கலாம் என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

"ஸ்கேன்ல நெறி கட்டியிருக்குன்னு எழுதியிருக்காங்க. பரவிடுச்சுன்னா முடிஞ்சுதா சிஸ்டர்?"

இல்லை. 'பரவிவிட்டது' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு நிலைமைகள் இருக்கின்றன. இரைப்பையை ஒட்டியும், அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களை ஒட்டியும் நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. நாம் நெறிகட்டி என்பது அவற்றைத்தான். நோய் இந்த அக்கம்பக்கத்து முடிச்சுகளோடு நின்றிருந்தால் அது பெரும்பாலும் இரண்டாம் அல்லது மூன்றாம் கட்டம். முழுதாகக் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் சிகிச்சையைத் திட்டமிடுவார்கள்.

வயிற்றின் பின்புறம் பெருந்தமனியை ஒட்டிய முடிச்சுகள், இடது காறை எலும்புக்கு மேலே கழுத்தில் தடவினால் தட்டுப்படும் முடிச்சு ஆகியவற்றுக்குப் போயிருந்தால் அது தூரத்துப் பரவல், நான்காம் கட்டம். கல்லீரல், வயிற்று உறை, நுரையீரலுக்குப் போவதும் அதே கணக்குதான்.

இந்த முடிச்சுகளுக்கெல்லாம் ஜப்பானிய அறுவை மருத்துவர்கள் பஸ் ஸ்டாப் மாதிரி எண் போட்டு வைத்திருக்கிறார்கள். 1 முதல் 6 வரை இரைப்பையின் விளிம்பிலேயே இருப்பவை. 7 முதல் 12 வரை ரத்தக் குழாய்களை ஒட்டியவை. 16 என்றால் பெருந்தமனி ஓரம். டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்: "எந்த இடத்து நெறிங்க டாக்டர்?"

"ஸ்கேன்லயே தெரிஞ்சுடுச்சே, ஓட்டை போட்டுப் பார்க்கணும்னு எதுக்கு சொல்றாங்க?"

சிடி ஸ்கேன் அளவைத்தான் பார்க்கிறது. முடிச்சு வீங்கியிருந்தால் சந்தேகப்படும். புண்ணாலும் கிருமியாலும் வீங்கிய முடிச்சில் புற்று இல்லாமலும் இருக்கலாம், பட்டாணியைவிடச் சின்ன முடிச்சுக்குள் புற்று உட்கார்ந்தும் இருக்கலாம். ஆக, ஸ்கேனில் 'நெறி' என்பது ஒரு மதிப்பீடுதான். உள்ளிருந்து பார்க்கும் எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டும் சில இடங்களில் செய்வார்கள்.

ஓட்டை போட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி வேறு காரணத்துக்காக. வயிற்று உறையின்மேல் ரவை தூவினாற்போல் சின்னச் சின்னப் புள்ளிகளாக நோய் இருந்தால் எந்த ஸ்கேனுக்கும் அது எளிதில் சிக்காது. கேமராவை விட்டுப் பார்த்து, வயிற்றுக்குள் உப்புநீர் விட்டு உறிஞ்சி அந்த நீரைச் சோதனைக்கு அனுப்புவார்கள். அங்கே நோய் இருந்தால் திட்டமே மாறிவிடும். பெரிய ஆபரேஷனுக்கு வயிற்றைத் திறந்த பிறகு அது தெரியவந்து, அப்படியே மூடித் தைத்து அனுப்புவதைவிட இந்தச் சின்ன ஓட்டை எவ்வளவோ மேல்.

"கட்டி அங்கதான இருக்கு? முதல்ல வெட்டி எடுத்துட்டு, அப்புறமா கீமோ குடுத்தா ஆகாதா?"

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்பவர் குரலில் பாதி பயம், பாதி கோபம் இருக்கும். உள்ளே ஒரு பொல்லாத கட்டியை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருப்பது யாருக்கும் மனசுக்கு ஒப்பாது.

முடிச்சுக்குள் நோய் போயிருக்கிறது என்றால், கட்டி தன் இடத்தைவிட்டுக் கிளம்பிப் பழகிவிட்டது என்று அர்த்தம். கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாத செல்கள் ரத்தத்திலோ வேறெங்கோ இருக்க வாய்ப்பு உண்டு. கத்தி எட்டுகிற இடம் இரைப்பையும் அதன் சுற்றுப்புறமும்தான். உடம்பு முழுக்கப் போய்த் தேடுகிற வேலையைக் கீமோ மட்டுமே செய்யும். வெட்டி முடித்து, ஆறி, தேறி வருகிற இரண்டு மூன்று மாதம் அந்தச் செல்களுக்கு நாம் கொடுக்கும் விடுமுறை.

இன்னொரு காரணத்தைப் படித்துத் தெரிந்துகொண்டதைவிடக் கண்ணால் பார்த்ததுதான் அதிகம். இரைப்பையை எடுத்த ஒருவரால் முழுக் கீமோவைத் தாங்குவது மிகக் கடினம். பிரிட்டனில் நடத்தி 2006-இல் வெளியான மேஜிக் ஆய்வில் 503 பேர். ஒரு பிரிவுக்கு ஆபரேஷன் மட்டும். இன்னொரு பிரிவுக்கு முன்னால் மூன்று தவணை கீமோ, நடுவில் ஆபரேஷன், பின்னால் மூன்று தவணை. 5 ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் முதல் பிரிவில் 23 சதவீதம், இரண்டாவதில் 36 சதவீதம். ஆனால் இரண்டாவது பிரிவில் ஆறு தவணையையும் முடித்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. முன்னால் உள்ள தவணைகளை அநேகமாக எல்லோரும் முடித்தார்கள். பின்னால் உள்ளவற்றில்தான் ஆள் குறைந்தது. உடம்பில் தெம்பு இருக்கும்போதே கீமோவைக் கொடுத்துவிடுவது என்ற கணக்கு அங்கிருந்து வருகிறது.

ஜப்பானிலும் கொரியாவிலும் முதலில் ஆபரேஷன் செய்து, பிறகு மருந்து கொடுக்கும் வழக்கம் நீண்ட நாளாக உண்டு. ஜப்பானில் 1059 பேரிடம் செய்து 2007-இல் வெளியான ஆய்வில், ஆபரேஷனுக்குப் பின் ஒரு வருடம் எஸ்-1 என்ற கீமோ மாத்திரை சாப்பிட்டவர்களில் 5 ஆண்டு பிழைத்தவர்கள் 71.7 சதவீதம் என்று பிற்பாடு கணக்கு வந்தது. ஆபரேஷன் மட்டும் செய்துகொண்டவர்களில் 61.1. இந்த எண்களை மேஜிக் எண்களோடு வைத்து ஒப்பிட்டு, "ஜப்பான் முறைதான் நல்லது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அங்கே நோயைச் சீக்கிரம் பிடிக்கிறார்கள், நோயாளிகளின் நிலையே வேறு. எந்த ஊரிலும் ஆபரேஷன் மட்டும் போதும் என்று யாரும் சொல்லவில்லை என்பதைத்தான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

உடனே வெட்ட வேண்டிய நேரமும் உண்டு. நிற்காத ரத்தக் கசிவு, ஓட்டை விழுந்துவிட்ட இரைப்பை, ஒரு வாய்த் தண்ணீர்கூட இறங்காத அடைப்பு. அடைப்புக்குச் சில சமயம் குழாய் வைத்தோ, மாற்றுப் பாதை போட்டோ சமாளித்துவிட்டுக் கீமோவை ஆரம்பிப்பதும் நடக்கும்.

"ஃப்ளாட்னு எழுதியிருக்காங்களே, அது என்ன மருந்து?"

நான்கு மருந்துகளின் முதலெழுத்தைச் சேர்த்து வைத்த பெயர்: ஃப்ளூரோயுராசில், லூகோவோரின், ஆக்சாலிபிளாட்டின், டோசிடாக்செல் (இதற்கு மட்டும் டாக்சோடியர் என்ற கம்பெனிப் பெயரின் முதலெழுத்து). இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. ஆபரேஷனுக்கு முன்னால் நான்கு, பின்னால் நான்கு. ஜெர்மனியில் 716 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியான ஃப்ளாட்-4 ஆய்வில், மேஜிக் காலத்து மருந்துகளைப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 35 மாதம், இதைப் பெற்றவர்களுக்கு 50 மாதம். அதன் பிறகு பல நாடுகளில் இதுவே முதல் தேர்வாகிவிட்டது. இதிலும் எட்டுத் தவணையை முழுதாக முடித்தவர்கள் 46 சதவீதம்தான்.

காலையில் வந்தால் மூன்று மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும். நான்காவதை 24 மணி நேரம் மெதுவாக ஏற்ற வேண்டும். அதற்கு ஒரு பம்ப் மாட்டி வீட்டுக்கு அனுப்புவோம். பால் புட்டி அளவில் பிளாஸ்டிக் குப்பி, அதற்குள் மருந்து நிரப்பிய ரப்பர் பலூன். பலூன் சுருங்கச் சுருங்க மருந்து நெஞ்சில் தோலுக்கடியில் வைத்த போர்ட் என்ற சின்ன டப்பா வழியாக இறங்கும். மின்சாரம் வேண்டாம், சத்தம் வராது. மாட்டிய உடனே பார்த்தால் கொழுகொழுவென்று இருக்கும், மறுநாள் வரும்போது வற்றல் மாதிரி குச்சியோடு ஒட்டியிருக்கும். விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார். குப்பியை மஞ்சப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, சென்னையிலேயே மகள் வீட்டுக்கு டவுன் பஸ்ஸில் போய்விடுவார். மறுநாள் வந்து பையை மேசையில் வைத்து, "பாட்டில் வத்திடுச்சும்மா, நான் வத்தலை" என்பார். ஒவ்வொரு தடவையும் அதே வசனம்.

ஆக்சாலிபிளாட்டினுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. குளிர் ஆகாது. ஏற்றிய சில நாட்களுக்கு ஃப்ரிட்ஜிலிருந்து மோரை எடுத்தால் விரல்நுனியில் ஷாக் அடித்த மாதிரி சுர்ரென்று இருக்கும். ஜில்லென்ற தண்ணீர் தொண்டையில் பட்டால் மூச்சே நின்றுவிட்டதுபோல் இறுக்கிப் பிடிக்கும். மார்கழிக் காலையில் சில்வர் டம்ளரைத் தொட்டுவிட்டு அலறியவர்கள் உண்டு. சில நாளில் விட்டுவிடும். தவணை கூடக்கூட விரல் மரத்துப்போவது நிரந்தரமாகத் தங்கலாம். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்றால் அடுத்த தவணைக்கு முன்னால் சொல்லிவிடுங்கள், அளவைக் குறைப்பார்கள். டோசிடாக்செல் முடியை உதிர்க்கும், வெள்ளையணுவைக் குறைக்கும்.

எல்லோருக்கும் இந்த நான்கும் சேர்த்துக் கொடுப்பதில்லை. வயதானவர், இதயம் பலவீனமானவர், எடை மிகவும் இறங்கியவர் என்றால் இரண்டு மருந்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அதைக் 'குறைந்த சிகிச்சை' என்று நினைத்து டாக்டரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

"ஆபரேஷன்ல நெறியையும் சேர்த்து எடுப்பாங்களா? எத்தனை எடுக்கணும்?"

இரைப்பையின் பகுதியை அல்லது முழுவதையும் எடுப்பார்கள், கூடவே முடிச்சுகள் புதைந்திருக்கும் கொழுப்பையும் சேர்த்து உரித்தெடுப்பார்கள். விளிம்பு முடிச்சுகளை மட்டும் எடுத்தால் டி1. ரத்தக் குழாய்களை ஒட்டியவற்றையும் எடுத்தால் டி2. இன்று பழக்கமுள்ள கைகளில் டி2 தான் முறை.

இதற்குப் பின்னால் ஒரு நீண்ட சண்டை இருக்கிறது. ஜப்பான்காரர்கள் டி2 செய்துதான் இத்தனை பேரைப் பிழைக்க வைக்கிறோம் என்றார்கள். ஐரோப்பா நம்பவில்லை. 1989-இல் நெதர்லாந்தில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். முதல் முடிவு டி2-க்குப் பேரிடி: ஆபரேஷனை ஒட்டி இறந்தவர்கள் டி1-இல் 4 சதவீதம், டி2-இல் 10. விட்டுவிடலாம் என்றே பலர் முடிவுகட்டினார்கள். ஆனால் அதே நோயாளிகளை 15 வருடம் தொடர்ந்து கவனித்து 2010-இல் கணக்கெடுத்தபோது படம் மாறியிருந்தது. இரைப்பைப் புற்றாலேயே இறந்தவர்கள் டி1-இல் 48 சதவீதம், டி2-இல் 37. தொடக்கத்தில் நடந்த மரணங்களுக்குப் பெரிய காரணம், மண்ணீரலையும் கணையத்தின் வாலையும் வழக்கமாகச் சேர்த்து எடுத்தது. இப்போது தேவையில்லாமல் அவற்றைத் தொடுவதில்லை.

இன்னும் ஒரு படி மேலே போய்ப் பெருந்தமனி ஓர முடிச்சுகளையும் முன்னெச்சரிக்கையாக எடுத்துப் பார்த்தார்கள், அதுவும் ஜப்பானில்தான். 2008-இல் முடிவு வந்தது: ஒரு பலனும் கூடுதலாக இல்லை. அதிகம் வெட்டினால் அதிகம் குணம் என்ற கணக்குக்கு அங்கே ஒரு எல்லை போட்டுவிட்டார்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது: "டாக்டர், உங்க டீம்ல வருஷத்துக்கு எத்தனை இரைப்பை ஆபரேஷன் பண்றீங்க?" கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள். நிறையச் செய்பவர் சந்தோஷமாகவே பதில் சொல்வார்.

"ரிப்போர்ட்ல 3/28னு போட்டிருக்கு. நல்லதா கெட்டதா?"

28 முடிச்சுகளைச் சோதித்ததில் 3-இல் நோய் இருந்தது என்று பொருள். எடுத்து வந்த கொழுப்பை பேத்தாலஜி மேசையில் வைத்து விரலால் நசுக்கி நசுக்கித் தேடித்தான் முடிச்சுகளைப் பொறுக்குகிறார்கள். அரிசியில் கல் பொறுக்குகிற வேலை மாதிரி, பொறுமை வேண்டும். குறைந்தது 16 முடிச்சாவது பார்த்திருந்தால்தான் கணக்கை நம்பலாம். '0/5' என்ற ரிப்போர்ட்டைவிட '1/30' எனக்கு நிம்மதி தரும். முதலாவதில் பார்க்காமல் விட்டது எவ்வளவோ யாருக்குத் தெரியும்?

1 அல்லது 2 முடிச்சில் நோய் என்றால் என்1. 3 முதல் 6 வரை என்2. 7-உம் அதற்கு மேலும் என்3. ரிப்போர்ட்டில் இதற்கு முன்னால் 'ஒய்' என்ற எழுத்து இருந்தால், கீமோ கொடுத்த பிறகு எடுத்தது என்று அர்த்தம். அதைப் பார்த்துப் பயந்து போன் செய்தவர்கள் உண்டு.

கீமோவுக்குப் பிறகு எடுத்த முடிச்சில் நோய் செத்துத் தழும்பு மட்டும் இருந்தால் அது நல்ல சேதி. மேஜிக் நோயாளிகளின் திசுக்களைத் திரும்ப எடுத்துப் பார்த்து 2016-இல் ஒன்று சொன்னார்கள்: இரைப்பையில் கட்டி எவ்வளவு சுருங்கியது என்பதைவிட, முடிச்சுகள் சுத்தமாகிவிட்டனவா என்பதே பின்னால் நடக்கப்போவதைச் சரியாகக் காட்டுகிறது. ஆகவே ரிப்போர்ட் வந்ததும் கட்டியின் அளவைத் தேடாதீர்கள், முடிச்சு வரியைப் பாருங்கள்.

"பக்கத்து வீட்டுக்காரருக்குக் கரண்ட் வெச்சாங்க. எங்கப்பாவுக்கு ஏன் வைக்கலை?"

ரேடியேஷனைத்தான் நம் ஊரில் கரண்ட் என்கிறார்கள். மின்சாரம் எதுவும் உடம்பில் பாய்வதில்லை, பேர் மட்டும் நிலைத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரருக்கு எந்த உறுப்பில் புற்று என்று முதலில் கேளுங்கள். வாய், தொண்டை, கருப்பை வாய் என்றால் அங்கே கரண்ட் தான் முக்கிய ஆயுதம். இரைப்பைக்கு அதன் இடம் வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

2001-இல் அமெரிக்காவில் 556 பேரிடம் செய்த ஆய்வு வந்தபோது, ஆபரேஷனுக்குப் பின் கீமோவும் கரண்டும் சேர்த்துக் கொடுப்பதே அங்கே வழக்கமாகிவிட்டது. இடைநிலை ஆயுள் 27 மாதத்திலிருந்து 36 ஆகியிருந்தது. ஆனால் அந்த நோயாளிகளில் டி2 செய்துகொண்டவர்கள் 10 சதவீதம்தான், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு டி1 கூடச் சரியாக நடக்கவில்லை. கத்தி விட்டுவைத்ததைக் கரண்ட் சுட்டிருக்கிறது என்று ஆசியாவில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

அவர்கள் சொன்னதைச் சோதித்துப் பார்த்தார்கள். கொரியாவில் முதல் ஆய்வில் மொத்தமாகப் பலன் தெரியவில்லை, முடிச்சில் நோய் இருந்தவர்களுக்கு மட்டும் இருப்பது போலத் தோன்றியது. சரி என்று அவர்களை மட்டும் சேர்த்து அடுத்த ஆய்வு நடத்தினார்கள், 2021-இல் முடிவு வெளியானது. டி2 ஆபரேஷனுக்குப் பின் இரண்டு மருந்துக் கீமோ பெற்றவர்களில் 3 ஆண்டு நோய் திரும்பாதவர்கள் 74.3 சதவீதம். கூடவே கரண்டும் பெற்றவர்களில் 72.8. கூட்டியதால் எதுவும் கூடவில்லை. நெதர்லாந்தில் 788 பேரிடம் செய்த ஆய்வும் 2018-இல் அதையே சொன்னது. ஆபரேஷனுக்கு முன்னால் கரண்ட் வைத்தால்? ஆஸ்திரேலியாவிலிருந்து நடத்திய ஆய்வில் 574 பேர், 2024-இல் முடிவு. கட்டி முழுதாக மறைந்தவர்கள் 8 சதவீதத்திலிருந்து 17 ஆனார்கள், ஆனால் ஆயுள் கூடவில்லை.

'எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்க டாக்டர், காசு பத்திக் கவலையில்லை' என்று சொல்பவர்களிடம் இந்தக் கதையைத்தான் நான் சொல்வேன். சிகிச்சைகளைச் சேர்ப்பது சமையல் மாதிரி, எல்லாப் பொடியையும் கொட்டினால் குழம்பு ஆகாது.

இன்றும் கரண்ட் வைக்கும் இடங்கள் உண்டு. வெட்டிய ஓரத்தில் நோய் மிச்சம் இருந்தால், எடுத்த முடிச்சுகள் மிகக் குறைவாக இருந்தால், ஆபரேஷன் செய்ய முடியாதவருக்குக் கட்டியிலிருந்து ரத்தம் கசிந்தால். கடைசியில் சொன்னதற்குச் சில நாள் கரண்டிலேயே ரத்தம் நின்று, மூன்று நாளுக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்ற வந்தவர் வீட்டோடு இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

"இம்யூனோதெரபின்னு ஒண்ணு வந்திருக்காமே?"

வந்திருக்கிறது, பேச வேண்டிய விஷயம்தான். 948 பேரிடம் நடத்தி 2025-இல் வெளியான மேட்டர்ஹார்ன் ஆய்வில், ஃப்ளாட்டோடு டுர்வாலுமாப் என்ற எதிர்ப்புச் சக்தி ஊசியையும் சேர்த்தார்கள். இரண்டு வருடம் கழித்து நோய் முற்றாமல் திரும்பாமல் இருந்தவர்கள் ஊசி பெற்றவர்களில் 67.4 சதவீதம், பெறாதவர்களில் 58.5. ஊசியின் விலை சாதாரணக் குடும்பத்தை ஆட்டிவிடும். நிலத்தை விற்கும் யோசனை வருவதற்கு முன், இதனால் நம் நோயாளிக்குக் கிடைக்கக்கூடிய லாபம் எவ்வளவு என்று டாக்டரை உட்காரவைத்துக் கேளுங்கள்.

அதைவிட முக்கியமாக, பயாப்சித் துண்டில் எம்எஸ்ஐ சோதனை (கட்டியின் செல்கள் மரபணுப் பிழைகளைத் திருத்தும் திறனை இழந்துவிட்டனவா என்று பார்ப்பது) செய்தார்களா என்று கேளுங்கள். எம்எஸ்ஐ அதிகம் என்று வருபவர்கள் சிறுபான்மை. அவர்களின் கட்டி கீமோவுக்கு அவ்வளவாக மசியாது, எதிர்ப்புச் சக்தி ஊசிக்கு நன்றாக மசியும். பிரான்சில் அப்படிப்பட்ட 32 பேருக்குக் கீமோவே இல்லாமல் இரண்டு ஊசிகள் மட்டும் கொடுத்தார்கள். ஆபரேஷனுக்குப் போன 29 பேரில் 17 பேரின் கட்டி இருந்த இடமே தெரியவில்லை. சின்ன ஆய்வுதான், ஆனாலும் ஒரு சோதனையைக் கேட்டு வாங்க இது போதாதா?

கட்டியின் செல்களில் ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை தூரத்துப் பரவல் உள்ளவர்களுக்குக் கட்டாயம். அது பாசிட்டிவ் என்று வந்தவர்களுக்கு, டிராஸ்டுசுமாப் என்ற மருந்தைச் சேர்ப்பதால் ஆயுள் கூடுவது 2010-லேயே தெரிந்துவிட்டது.

"பெருந்தமனி ஓரத்து நெறி வரைக்கும் போயிடுச்சாம். ஆபரேஷனே இல்லைன்னுட்டாங்க."

பொதுவாக அது சரியான முடிவு. நான்காம் கட்டத்தில் கீமோ, தேவைப்பட்டால் குறிவைக்கும் மருந்து, எதிர்ப்புச் சக்தி ஊசி. இதுதான் பாதை.

ஒரு சிறு விலக்கு உண்டு. கல்லீரல், வயிற்று உறை எல்லாம் சுத்தமாக இருந்து, நோய் அந்தப் பின்புற முடிச்சுகளில் மட்டும் இருக்கும் ஆட்கள். ஜப்பானில் அப்படிப்பட்ட சுமார் 50 பேருக்கு முதலில் கீமோ கொடுத்து, அடங்கியவர்களுக்குப் பின்புற முடிச்சுகளையும் சேர்த்து ஆபரேஷன் செய்தார்கள். 5 ஆண்டு பிழைத்தவர்கள் 53 சதவீதம், நான்காம் கட்டத்தில் யாரும் எதிர்பார்க்காத எண். ஆனால் ஜெர்மனியில் கல்லீரல் போன்ற இடங்களில் பரவியவர்களையும் சேர்த்து ஆபரேஷனையும் கீமோவையும் ஒப்பிட்டபோது, 2024-இல் வந்த முடிவில் ஆபரேஷனால் மொத்தமாக லாபம் இல்லை. முடிச்சில் மட்டும் பரவியவர்கள்தான் அதிலும் பலன் பெறும் சாயல் காட்டினார்கள். ஆகவே உங்கள் ஆள் அந்தச் சின்ன வட்டத்துக்குள் வருகிறாரா என்று, கீமோ சில தவணை முடிந்து எடுக்கும் ஸ்கேனோடு, ஒரு பெரிய மையத்தில் இரண்டாவது கருத்துக் கேட்பதில் தப்பே இல்லை.

"கத்தி பட்டா, சதை எடுத்து டெஸ்ட் பண்ணா பரவிடும்னு சொல்றாங்களே?"

எண்டோஸ்கோப்பியில் கிள்ளி எடுப்பது அரிசிமணி அளவு. அதனால் பரவுவதில்லை. ஆபரேஷனுக்குப் பின் ஆறு மாதத்தில் நோய் திரும்பியவரைப் பார்த்து ஊரார் சொல்வது இது. அவருக்கு அந்தச் செல்கள் கத்தி படுவதற்கு முன்னாலேயே கிளம்பிப் போயிருக்கும். கீமோவை முதலில் கொடுப்பதே அதற்காகத்தானே.

"அப்பா சாப்பிடவே மாட்டேங்கிறார். பலமில்லாம எப்படி கீமோ தாங்குவார்?"

சரியான கவலை. எடை இறங்க இறங்கத் தவணை தள்ளிப்போகும், ஆபரேஷன் காயம் ஆறாது. ஆனால் தட்டு நிறையச் சோறு போட்டு முன்னால் உட்கார்ந்து அழுதால் இறங்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு சின்னக் கிண்ணம். குழைந்த சாதத்தில் பருப்பும் நெய்யும், சத்துமாவுக் கஞ்சி, முட்டை, இட்லி, பனீர், மீன். ரசம் சாதம் மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தால் தண்ணீரைத்தான் கொடுக்கிறீர்கள். விழுங்கவே முடியவில்லை என்றால் சிறுகுடலில் டியூப் வைத்து ஊட்டச் சொல்வார்கள். 'டியூப் போட்டுட்டாங்க' என்று துக்கம் விசாரிக்கக் கிளம்பிவிடுவார்கள் சொந்தக்காரர்கள். அந்த டியூபால்தான் பலர் ஆபரேஷன் மேசை வரை போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

இரைப்பையை எடுத்த பிறகு சாப்பாடு நேரே குடலுக்குப் போகும். பாயசம், ஜூஸ் மாதிரி இனிப்பைக் கொஞ்சம் வேகமாகக் குடித்தால் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிற்றைப் புரட்டும். ஹார்ட் அட்டாக் என்று ஓடிவந்தவர்கள் உண்டு. சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், அரை மணி தள்ளிக் குடிக்கலாம். முழு இரைப்பையும் போனவருக்கு பி12 உணவிலிருந்து உடம்பில் சேராது, வாழ்நாள் முழுக்க ஊசி போட வேண்டும். உள்ளே கொஞ்சம் சேமிப்பு இருப்பதால் முதல் வருடம் ஒன்றும் தெரியாது. பிறகு காலெரிச்சல், மறதி, நடை தள்ளாட்டம் வரும். வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். காலண்டரில் குறித்து வையுங்கள்.

"கூடவே நாட்டு மருந்து குடுக்கலாமா?"

ஒளித்துக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். கீமோ மருந்துகளைக் கல்லீரலும் சிறுநீரகமும்தான் கழிக்கின்றன. எதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத லேகியம் கல்லீரல் அளவுகளை ஏற்றிவிட்டால், தவணை நிற்கும், காரணம் யாருக்கும் புரியாது. டாக்டரிடம் பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கீமோவை நிறுத்திவிட்டு இதை மட்டும் எடுங்கள் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

"செலவுக்கு என்ன வழி?"

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கீமோ, ஆபரேஷன், ரேடியேஷன் மூன்றுக்கும் இடமிருக்கிறது. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் இவற்றை முதல் நாளே தயார் செய்துகொள்ளுங்கள். சிகிச்சை ஆரம்பித்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு அலைவது கொடுமை. அரசு மருத்துவமனைகளும், 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மையமும், வேலூர் சிஎம்சியும் இந்த நோயைத் தினம் பார்க்கும் இடங்கள்.

"எவ்வளவு நாள் இருப்பார் சிஸ்டர்? மறைக்காம சொல்லுங்க."

மேலே 50 மாதம் என்று ஓர் எண் எழுதினேன். பாதிப் பேர் அதற்குள் போனார்கள், பாதிப் பேர் அதைத் தாண்டினார்கள் என்பதுதான் அதன் பொருள். தாண்டியவர்களில் பத்து வருடம் கழித்துத் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸோடு வந்து நிற்பவரும் உண்டு. அதில் உங்கள் அப்பா எந்தப் பாதியில் என்று முதல் நாள் யாராலும் சொல்ல முடியாது. கீமோவுக்குப் பின் எடுத்த முடிச்சு ரிப்போர்ட் கையில் வந்த பிறகு கேட்டால் டாக்டரால் ஓரளவு சொல்ல முடியும். அப்பாவே கேட்டால் மறைக்காதீர்கள். பக்கத்து நாற்காலியில் கீமோ ஏறிக்கொண்டிருப்பவரிடம் பேசி அவர் ஏற்கெனவே பாதி தெரிந்து வைத்திருப்பார்.

"ராத்திரியில காய்ச்சல் வந்தா?"

கீமோ ஏற்றிய முதல் இரண்டு வாரத்தில் 100.4 டிகிரியைத் தொட்டால், மணி இரண்டானாலும் கிளம்புங்கள். வெள்ளையணு குறைந்திருக்கும்போது வரும் காய்ச்சல் விடியும்வரை காத்திருக்காது. பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை அடக்கிவிட்டுத் தூங்கிவிடாதீர்கள். பக்கத்தில் எந்த மருத்துவமனை இருக்கிறதோ அங்கே போய், "கீமோ ஓடிட்டிருக்கு, கடைசித் தவணை இந்தத் தேதி" என்று வாசலிலேயே சொல்லுங்கள். ஃபைலை அலமாரியில் பூட்டி வைக்காமல், கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வையுங்கள்.